தூணுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை

கேள்வி:

எனக்கு 38 வயது. தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர். காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். ஆறு வயதில் என்னைப் பங்காளி வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்துக் கொடுத்தார்கள். பட்டுச் சட்டை போட்டு மஞ்சள் நீர் குடிக்க வைத்தார்கள். ஊரே வந்து சாப்பிட்டது. அன்று ராத்திரி, "எப்ப நம்ம வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. பெற்ற வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அடிக்கடி போனால் மனசு ஒட்டாது என்று விடமாட்டார்கள்.

கூட்டிய அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1939-ல் பிறந்தவர். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. அடித்ததுகூட அதிகம் இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், அவ்வளவுதான். நாலு நாள், ஒரு வாரம், ஒரு தடவை ஒரு மாதம். நான் வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ராத்திரி அப்பத்தா பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

இப்போதும் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் வயிறு இறுகுகிறது. மனைவி வரப் பத்து நிமிடம் தாமதமானால் நெஞ்சு படபடக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. போன மாதம் என் நாலு வயது மகள் பாலைக் கொட்டிவிட்டாள். கத்திவிட்டேன். சாயங்காலம் வரை அவளோடு பேசவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அதே தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.

சிறுவயதுத் துன்பம் மூளையைச் சுருக்கிவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பினேன், மூன்று மதிப்பெண் வந்தது. அண்ணன், "நம்ம காலத்துல எல்லாருந்தான் அடி வாங்குனோம், நீ என்னமோ" என்கிறார். என் மூளை கெட்டுவிட்டதா? என் மகளுக்கும் இது போகுமா? கூட்டிய ஆத்தா எங்களோடுதான் இருக்கிறார். பெற்ற ஆத்தாவும் உயிரோடு இருக்கிறார். பெற்ற ஆத்தாவிடம் போய்க் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன்.

காணொளியில் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு முழித்துக் கிடக்கும்போது உங்களை அரிப்பது அதுதான் என்று தோன்றுகிறது. சிறுவயதில் கடுமையாகத் துன்பப்பட்டவர்களையும் அப்படித் துன்பப்படாதவர்களையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டால், ஹிப்போகாம்பஸ் என்கிற நினைவுப் பகுதி துன்பப்பட்டவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் சிறியதாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அது பலரைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் தெரிகிற வித்தியாசம். தனி ஒருவருடைய ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் எப்படி வளர்ந்தார், இனி எப்படி இருப்பார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆகவே அதற்காக ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

உங்கள் மூளை கெட்டுப்போகவில்லை. ஆறு வயதில் அதற்கு ஒரு வேலை வந்தது. அந்த வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டது. இன்னும் அதை விடாமல் செய்துகொண்டிருக்கிறது.

கொஞ்சம் விளக்குகிறேன். குழந்தையின் மூளை இரண்டு வயதுக்குள்ளேயே பெரியவர்கள் மூளையில் ஏறத்தாழ 80 சதவீதம் வளர்ந்துவிடும். அளவு வந்துவிட்டாலும் உள்ளே இணைப்பு வேலை முடிந்திருக்காது. முதலில் தேவைக்கு மேலேயே இணைப்புகள் முளைக்கும். எது அடிக்கடி புழங்குகிறதோ அது உறுதிப்படும், புழங்காதது உதிரும். ஆபத்து என்று மணியடிக்கிற அமிக்டலா என்ற பகுதி சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும். "பொறு, இது வெறும் கதவுச் சத்தம்" என்று அதை அமர்த்துகிற மூளையின் முன்பகுதி முழுசாக முதிர 25 வயதாவது ஆகும். அதுவரை குழந்தைக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்பவர்கள் பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள்தான். விழுந்து அலறும் பிள்ளையைத் தூக்கி, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தடவும்போது அதன் இதயத் துடிப்பு இறங்குகிறது, கார்டிசால் என்கிற பதற்றச் சுரப்பு அடங்குகிறது. ஆயிரம் தடவை வெளியிலிருந்து அப்படி அமர்த்தப்பட்ட பிறகுதான் பிள்ளைக்குத் தன்னைத் தானே அமர்த்திக்கொள்ளத் தெரியவரும். மஞ்சள் நீர் குடித்த அன்று ராத்திரி நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கை வரவில்லை. ஒருவேளை எல்லோருக்குமே என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஏழு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கூட்டி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கவனமே இல்லை என்று புகார். என் அறையில் தரையில் உட்கார்ந்து மரக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வராந்தாவில் எத்தனையோ பேர் போய் வந்துகொண்டிருந்தார்கள், அவன் நிமிரவே இல்லை. ஒரு செருப்புச் சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றது. கட்டை பாதி வழியில் இருக்கிறது. அப்பா உள்ளே வந்தார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான், கட்டையைச் சத்தம் வராமல் பெட்டிக்குள் வைத்தான். இவனா கவனமில்லாத பையன்? இத்தனை செருப்புகளில் ஒரு செருப்பைப் பிரித்துத் தெரிந்துகொள்கிற கவனம் அவனிடம் இருந்தது. இருந்ததெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது, வாய்ப்பாட்டுக்கு மிச்சமில்லை.

தூணுக்குப் பின்னால் நின்று நீங்கள் பார்த்ததும் இதே வேலைதான். அந்த வீட்டில் அது தேவைப்பட்டது. இன்று கதவு சாத்தினால் வயிறு இறுகுவது அந்தப் பழைய காவல்தான்.

அப்பச்சி அதிகம் அடிக்கவில்லை, பேசாமல் இருந்தார், அவ்வளவுதான் என்று அவருக்காக நீங்களே வாதாடியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு தாய் வழக்கம்போலக் கொஞ்சிக்கொண்டிருப்பார். பிறகு முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி சும்மா இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும், விரலைக் காட்டும், கத்தும். எதற்கும் பதில் இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், துவண்டுவிடும். இதெல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நடப்பது. உங்களுக்கு அது ஒரு மாதம் நீண்டிருக்கிறது. அடியாவது விழுந்து முடிந்துவிடும். பேசாமை எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரியாது, என்ன செய்தால் முடியும் என்றும் தெரியாது.

அதே டிரானிக் இன்னொன்றையும் கவனித்தார். அதைத்தான் உங்கள் மகள் விஷயத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். நல்ல பாசமுள்ள தாயும் குழந்தையும்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவருக்கொருவர் சரியாக ஒத்துப்போகிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும், மறுபடி பிடித்துக்கொள்வதுமாகவே போகிறது. "போனது திரும்பி வரும்" என்று பிள்ளை கற்றுக்கொள்வது அந்த மறுபடி பிடித்துக்கொள்வதில்தான்.

உங்கள் அண்ணனோடு சண்டை போட வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அடி வாங்கிய பிறகு போய் விழுந்த மடி, அதே ஆத்தாவின் மடி. உங்களுக்கு மடி மாறிவிட்டது, ஏன் மாறியது என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் ஒரே குழந்தைப் பருவம் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்த மூன்று மதிப்பெண். அந்தக் கேள்வித்தாள் 1998-ல் முதல் முடிவுகள் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதில் அடி, அவமதிப்பு, புறக்கணிப்பு, வீட்டில் குடி போன்றவை இருந்தனவா என்று கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் ஒன்றாவது இருந்தது என்றார்கள். நாலும் அதற்கு மேலும் சொன்னவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்ற ஆபத்துகள் எதுவும் சொல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தன. சிறுவயதுத் துன்பம் உடம்பையும் தொடர்கிறது என்று மருத்துவ உலகத்தை நிமிர்ந்து பார்க்க வைத்த ஆய்வு இது. ஆனால் இது ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி மனிதரின் எதிர்காலத்தைக் கணிக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல் அதே ஆண்டாவே எழுதினார். பிள்ளை கூட்டிய வீட்டில் பதில் கிடைக்காத ஒரு ராத்திரி அந்தப் பட்டியலில் இல்லை, அப்பத்தாவும் இல்லை.

மகளுக்குப் போகுமா என்று கேட்டீர்கள். கனடாவில் மைக்கேல் மீனி என்ற ஆய்வாளரின் குழு எலிகளை வைத்துச் செய்த வேலை ஒன்று, பிள்ளை கூட்டிய வீட்டிலிருந்து எழுதும் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. சில தாய் எலிகள் குட்டியை அதிகம் நக்கிக்கொடுக்கும், சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு பதற்றம் குறைந்தவையாக இருந்தன. சரி, அது ரத்தத்தில் வந்த குணமா? பிறந்தவுடன் குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்த குட்டி அமைதியாக வளர்ந்தது. பெண் குட்டியாக இருந்தால், அது தாயானபோது தன்னை வளர்த்த தாயைப் போலவே தன் குட்டிகளையும் நக்கியது. 1999-ல் வெளிவந்த முடிவு இது. எலியும் மனிதரும் ஒன்றல்ல. மனிதர்களில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனாலும் பயம் போய்ச் சேர்கிற பெரிய வழி வீட்டில் அன்றாடம் நடக்கிறது. அதில் உங்கள் கைக்கு எட்டுவது நிறைய இருக்கிறது.

அப்பச்சி பிறந்த வருஷத்தை எழுதியிருந்தீர்கள். அவர் அப்பச்சி பர்மாவில் கடை வைத்திருந்தவர் என்றும், சண்டைக் காலத்தில் நடந்தே ஊர் வந்தவர் என்றும் கடிதத்தின் பின்பக்கம் ஒரு குறிப்பு இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் இது புதிதில்லை. மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறிய ஆண்கள், மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாக (வேலை பழகும் எடுபிடியாக) கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், அப்பச்சியைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கானவர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள், காட்டு வழியே நடந்து வந்தவர்கள் ஏராளம். வழியில் செத்தவர்களும் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்போது உங்கள் அப்பச்சிக்கு மூன்று வயது. பேசாத மனிதர் ஒருவரின் முகத்தை அவரும் ஏதோ ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கலாம். இதை எழுதுவதால் அவர் உங்களுக்குச் செய்தது சரியாகிவிடாது. உங்களைப் பிடிக்காமல் அவர் பேசாமலிருந்தார் என்று ஆறு வயதில் நீங்கள் போட்ட கணக்கை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ராத்திரி அப்பத்தா பக்கத்தில் படுத்துக்கொள்வேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஹவாய்த் தீவுகளில் கவாயி என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, சண்டை, நோய் என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திடமான, அன்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்தது, உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு முதல் ஆறு வருஷம் பெற்ற ஆத்தா இருந்தார், அதன் பிறகு ராத்திரியில் அப்பத்தா இருந்தார். மகள் தூணுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்து உங்களுக்குப் பதறியதே, அந்தப் பதற்றம் அவர்கள் இருவரும் போட்ட விதை என்றே நினைக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. மகளிடமிருந்து ஆரம்பியுங்கள். நாலு வயதுதான், நிறைய நேரம் இருக்கிறது. இனிமேல் கத்தவே மாட்டேன் என்று சபதம் போடாதீர்கள். அது மூன்றாம் நாள் உடையும், அப்புறம் குற்ற உணர்ச்சியில் மறுபடி பேசாமலிருப்பீர்கள். கத்திவிட்டால் திரும்பிப் போகிற நேரத்தைக் குறைப்பதுதான் உங்கள் வேலை. இன்று சாயங்காலம் வரை ஆகிறது என்றால் அடுத்த முறை ஒரு மணி நேரம், அப்புறம் பத்து நிமிடம். போய் அவள் உயரத்துக்குக் குனிந்து, "அப்பச்சி கத்திட்டேன். அது என் தப்பு. பால் கொட்டுனதுக்கு நீ பயப்பட வேண்டாம்" என்று சொல்லுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா நீயும் பாத்து நடந்திருக்கணும்" என்று வால் ஒட்டாதீர்கள். ஐஸ்க்ரீம் வேண்டாம். அவளாகக் கட்டிக்கொள்ளவில்லை என்றால் இழுத்துக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். தூணுக்குப் பின்னால் நின்றால் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், அவள் வரும்போது வரட்டும்.

உண்மையிலேயே தள்ளிப்போக வேண்டிய அளவுக்குக் கோபம் வந்தால் போகலாம், தப்பில்லை. சொல்லிவிட்டுப் போங்கள். "அப்பச்சிக்குக் கோவமா இருக்கு. முகப்புல போய் உக்காந்துட்டு வந்துடுறேன்." ஐந்து நிமிடத்தில் வந்துவிடுங்கள். சொன்னபடி வருவதுதான் இதில் மருந்து.

உங்கள் உடம்புக்கும் ஒரு வேலை உண்டு. வயிறு இறுகும்போது அதோடு மல்லுக்கு நிற்காமல், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள். வெறுங்காலைத் தரையின் ஆத்தங்குடிக் கல்லில் பதித்து அதன் குளிர்ச்சியைக் கவனியுங்கள். மணியடிக்கிற பகுதிக்கு வார்த்தை சரியாகக் கேட்காது, மூச்சும் குளிர்ச்சியும் சீக்கிரம் போய்ச் சேரும். மனைவியிடம் அவர் தாமதமாக வராத ஒரு நாளில் இந்தக் கதை முழுவதையும் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும் என்றால் ஒரு செய்தி போடச் சொல்வதில் வெட்கம் வேண்டாம், சந்தேகத்தால் கேட்கவில்லை என்று அவருக்குப் புரியும்.

விடிகாலை மூன்று மணி முழிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஒரு ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிடுங்கள். நெஞ்சுப் படபடப்பு எல்லாமே மனசு என்று நானே முடிவுகட்ட மாட்டேன். பிறகு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். உங்களுக்கு அருகில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய அதிர்ச்சிகளுக்கென்றே பேச்சு சிகிச்சை முறைகள் உண்டு. சிலருக்குச் சில மாதங்கள் மாத்திரையும் தேவைப்படும். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன என்கிற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அன்றே கூப்பிடுங்கள்.

சிகிச்சையில் பெரியவர்கள் மாற முடியுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லில் அச்சில் ஊற்றிய பூ காய்ந்த பிறகு மாறாது. மூளை அப்படிக் காய்ந்து முடிவதில்லை. 38 வயதிலும் புதிய இணைப்புகள் உண்டாகின்றன. சிறுவயதைவிட மெதுவாக நடக்கும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பெற்ற ஆத்தா விஷயம். போங்கள், ஆனால் பஞ்சாயத்துக்குப் போவது போலப் போகாதீர்கள். "ஏன் குடுத்தீங்க?" என்று முதல் வார்த்தையிலேயே கேட்டால் வயதான மனுஷி அழுவார், அல்லது சாதிசனம், பங்காளி, வம்சம் என்று அன்றைக்குத் தனக்குச் சொல்லப்பட்டதையே திருப்பிச் சொல்வார். அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்கள் பாய் எங்கே இருந்தது, அவர் தூங்கினாரா என்று கேளுங்கள். பிள்ளை கொடுத்த வீட்டிலும் அன்று ஒருவர் பதில் இல்லாமல் கிடந்திருப்பார். கூட்டிய ஆத்தா உங்களோடுதான் இருக்கிறார் என்பதால், போவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒளித்துப் போனால் அவருக்கு, இத்தனை வருஷம் கழித்தும் பிள்ளை ஒட்டவில்லை என்று தோன்றிவிடும்.

பிள்ளை கூட்டப் போகிற குடும்பம் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் புரிகிற வார்த்தையில் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு தடவை மட்டும் இல்லாமல் பல தடவை. பெற்ற வீட்டுக்குப் போய் வர விடுங்கள். போய் வந்தால் மனசு ஒட்டாது என்பது தவறான எண்ணம். போய்விட்டுத் திரும்பி வர முடிகிற பிள்ளைக்குத்தான் இரண்டு இடத்திலும் ஒட்டும். "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டால், சங்கடமாக இருந்தாலும் அன்று ராத்திரியே பதில் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். மகள் அதற்குள் மறுபடி ஏதாவது கொட்டியிருப்பாள், அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.